பாரிஸில் பந்தி: வாசகர் கேள்விகளும் காரைக்காலிலிருந்து பதில்களும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், டெல்டா பக்கத்துக் கடிதங்களில் பாதி பாரிஸைப் பற்றித்தான். பிள்ளை அங்கே வேலை பார்க்கிறான், பெண்ணைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம், டூர் புக் பண்ணியிருக்கிறோம் என்று ஆளுக்கொரு காரணம். என் பிழைப்பே பாரிஸ் ரெஸ்டாரண்டுகளில் பரிமாறுவதாக இருந்ததால், சாப்பாட்டுக் கேள்விகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பத்திரிகை ஆசிரியர் என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எல்லாவற்றுக்கும் இடமில்லை. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில்.

மகள் பாரிஸில் இருக்கிறாள். மே மாதம் நாங்கள் போகிறோம். என் கணவர் முட்டைகூடத் தொடமாட்டார். மாப்பிள்ளை ஒரு நாளாவது நல்ல பிரெஞ்சு ரெஸ்டாரண்டுக்கு அழைத்துப் போகணும் என்று நிற்கிறார். அவர் அங்கே எதைச் சாப்பிடுவார்?
(வாசகி, கும்பகோணம்)

அம்மா, 'வெஜிடேரியன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டோமே என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். அதற்குத் தலையை ஆட்டிவிட்டு மீனைக் கொண்டுவந்து வைக்கிற இடங்கள் உண்டு. கெட்ட எண்ணம் கிடையாது. பழைய காலத்துச் சமையல்காரருக்குக் கறி என்றால் மாடு, ஆடு, பன்றி. மீனும் கோழியும் வேறு கணக்கு. அதனால் எது எது ஆகாது என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்: "சான் வியாந்து, சான் புவாசோன், சான் வொலாய், சான்ஸ் ஈ." கறி, மீன், கோழி, முட்டை நான்கும் அதில் அடங்கிவிட்டன. மகளிடம் சொல்லி இதை ஒரு சீட்டில் பிரெஞ்சில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது அடுப்படிக்குப் போவதற்குள் பாதி உதிர்ந்துவிடும். சீட்டு என்றால் சர்வர் அப்படியே கொண்டுபோய் ஷெஃப் முன்னால் வைத்துவிடுவார். நான் அப்படித்தான் செய்வேன்.

இன்னொன்று, மேஜை பதிவு செய்யும்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள். பகல் பன்னிரண்டரைக்கு அடுப்படி அனலாய்க் கொதிக்கிற நேரத்தில் "இவருக்கு மட்டும் வேறு" என்றால் எந்த ஷெஃபுக்கும் முகம் மாறும். முந்தின நாளே தெரிந்திருந்தால் அதே ஆள் தனியாக ஒரு தட்டை அழகாகச் செய்து கொடுப்பார்.

உள்ளே மறைந்திருப்பவைதான் தொல்லை. வெங்காய சூப் என்று போட்டிருக்கும். பல கடைகளில் அதற்கு அடிப்படை மாட்டெலும்புச் சாறு. பச்சை லாந்தீய் பருப்பு சாலட்டில் பொடிப்பொடியாகப் பன்றிக்கறி கிடக்கும். உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் வறுத்திருக்கலாம். இனிப்புக்கு வந்தால், கிரெம் ப்ரூலே மஞ்சள்கரு இல்லாமல் கிடையாது. சாக்லேட் மூஸில் வெள்ளைக்கரு. பவருவா மாதிரி குலுங்குகிற ஐட்டங்களில் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டின். சீஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. கோம்தே, ரோக்ஃபோர் போன்ற பாரம்பரிய வகைகளுக்குப் பாலைத் திரிக்கப் போடுவது கன்று போன்ற இளம் விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை. அது அவர்கள் விதியிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

சரி, எதைத்தான் சாப்பிடுவது? ரொட்டியை நம்பலாம். 'பாரம்பரிய பகெத்' என்று விற்கிற நீள ரொட்டியில் என்ன போடலாம் என்று 1993-இல் அரசு ஆணையே போட்டிருக்கிறது. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இம்மியளவு அவரை வகை மாவு. பாலோ முட்டையோ கொழுப்போ சேராது. மே மாதம் வெள்ளை ஆஸ்பராகஸ் தண்டின் காலம். அதை வினிகர், கடுகு, எண்ணெய் கலந்த வினெகிரெத்துடன் கேளுங்கள். ஒலாந்தேஸ் சாஸ் வேண்டாம், அதில் மஞ்சள்கரு. ரத்தாதூயி என்பது கத்தரிக்காய், குடமிளகாய், கூர்ஜெத் என்கிற சுக்கினிக் காய், தக்காளி எல்லாம் ஆலிவ் எண்ணெயில் குழைய வதக்கியது. நம் வாய்க்கு ஒத்துப்போகும். உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி, பாலும் க்ரீமும் ஊற்றி அடுப்பில் வாட்டிய கிராத்தான் தொஃபினுவா இன்னொன்று. மேலே சீஸ் தூவுகிற கடைகளும் இருப்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் ஸ்ட்ராபெரி. மே மாதத்து ஸ்ட்ராபெரியை அங்கேதான் சாப்பிட வேண்டும்.

மாப்பிள்ளைக்குக் கை தாராளம் என்றால் வேறொரு வழி இருக்கிறது. ஏழாம் வட்டாரத்தில் வாரேன் தெருவில் 'லார்பேஜ்' என்று ஒரு ரெஸ்டாரண்ட். மூன்று மிச்செலின் நட்சத்திரம். அதன் ஷெஃப் அலென் பசார் 2001-இல் சிவப்பு இறைச்சியை மெனுவிலிருந்தே எடுத்தார். ஊரே சிரித்தது. நட்சத்திரம் ஒன்றுகூடப் போகவில்லை. 2025-இல் மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழுக்கக் காய்கறிக்கு மாறிவிட்டார். தேன் மட்டும் உண்டு. உங்கள் கணவர் சீட்டே காட்டாமல் உட்காரக்கூடிய இடம் அது. ஆனால் ஆளுக்குச் சில நூறு யூரோ ஆகும். யூரோவுக்கு நூறு ரூபாய்க்குக் குறையாமல் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையிடம் பேச்செடுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

தண்ணீருக்குக் காசு, ரொட்டிக்குக் காசு, டிப்ஸ் பத்து சதவீதம் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். உண்மை என்ன?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை)

மூன்றுமே தப்பு ஐயா. ரொட்டி இலவசம், கூடை காலியானால் மறுபடி வரும். குழாய்த் தண்ணீர் இலவசம். டிப்ஸ் கட்டாயமில்லை.

ஆனால் தண்ணீரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உட்கார்ந்ததும் சர்வர் வந்து "ப்ளாத்? கஸூஸ்?" என்பார். சாதா தண்ணீரா, சோடா தண்ணீரா என்று அர்த்தம். ஏதோ மரியாதைக்குக் கேட்கிறார் என்று "ப்ளாத்" என்று சொல்லிவிட்டால் போச்சு, மூடி திறந்த பாட்டில் வந்து நிற்கும், பில்லில் ஆறேழு யூரோ ஏறும். இரண்டில் எதையும் சொல்லாமல் "உய்ன் காராஃப் தோ" என்று சொல்லுங்கள். கண்ணாடிக் குடுவையில் குழாய்த் தண்ணீர் வரும். பாரிஸ் குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். சாப்பாட்டோடு அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

மெனுவில் போட்டிருக்கிற விலையில் வரியும் சர்வீஸும் அடக்கம். 1987 முதல் அப்படித்தான் எழுதியாக வேண்டும். பில்லின் அடியில் "செர்வீஸ் கொம்ப்ரி" என்று இருப்பதைப் பார்த்து 'சர்வீஸ் சேர்க்கணும்' என்று எடுத்துக்கொண்டு பதினைந்து சதவீதம் மேலே வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஏற்கெனவே சேர்த்தாயிற்று என்றுதான் அதற்குப் பொருள். எங்களுக்குச் சம்பளம் முதலாளி கொடுத்தார். பரிமாறியது பிடித்திருந்தால் மேஜையில் இரண்டு மூன்று யூரோ நாணயம் வைத்துவிட்டு எழுந்திருங்கள். வைக்காவிட்டால் யாரும் முறைக்கப் போவதில்லை.

கணக்கு இப்படி வரும். இரண்டு பேர், பகல் சாப்பாட்டு ஃபொர்முல், அதாவது ஒரே விலைக்கு வருகிற செட் சாப்பாடு, ஆளுக்கு 21 யூரோ, ஆக 42. காபி இரண்டு, 6. தண்ணீர், ரொட்டி சைபர். மொத்தம் 48. அதே இரண்டு பேர் அதே கடையில் இரவு போய், மெனு அட்டையைப் பார்த்துத் தனித்தனியாகச் சொல்லி, ஒரு பாட்டில் தண்ணீரும் ஆளுக்கொரு கிளாஸ் வைனும் எடுத்தால் நூறைத் தாண்டிவிடும். அடுப்பும் ஷெஃபும் ஒன்றுதான். வெளியூரிலிருந்து போகிறவர்கள் நல்ல சாப்பாட்டைப் பகலில் வைத்துக்கொண்டு இரவை ரொட்டி, பழத்தோடு முடிப்பதுதான் புத்திசாலித்தனம். ஃபொர்முல் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரைதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நேரம் முக்கியம். பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை. இரவு ஏழரைக்கு மேல். நடுவில் நாலு மணிக்குப் போய் நின்றால் நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஞாயிறு, திங்களில் பல கடைகளுக்கு விடுமுறை. ஆகஸ்டில் கதவில் சீட்டு ஒட்டிவிட்டு முதலாளியே கடற்கரைக்குப் போய்விடுவார்.

கையால் சாப்பிடலாமா?
(திருவையாறு)

ரொட்டியைக் கையால்தான் பிய்க்க வேண்டும், கத்தியால் அறுப்பது அங்கே பட்டிக்காட்டுத்தனம். பிய்த்ததைத் தட்டில் வைக்க வேண்டியதில்லை, மேஜை விரிப்பின் மேலேயே வைக்கலாம். அவித்த அர்த்திஷோ பூவின் இதழைக் கையால் உரித்துத்தான் தின்பார்கள். சிப்பியும் கைதான். மற்றதெல்லாம் முள்கரண்டி.

அங்கே நத்தையையும் தவளையையும் ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சாப்பிடுகிறார்களாமே? நம் வயலில் சும்மா கிடக்கிறது. இதில் என்ன பெருமை?
(விவசாயி, மன்னார்குடி)

பெருமை வெண்ணெயில் இருக்கிறது ஐயா. நத்தையில் இல்லை.

நம் வயல் நத்தை தண்ணீரில் வாழ்வது. நடவுக்கு முன்னால் சேற்றிலிருந்து பொறுக்கி, கழுவி, வேகவைத்து, ஊசியால் குத்தி எடுத்து, மிளகு தூக்கலாகக் குழம்பு வைப்பார்கள். மூலத்துக்கு நல்லது என்று பக்குவம் சொல்லாத கிழவி டெல்டாவில் இல்லை. பிரெஞ்சுக்காரர் சாப்பிடுவது நிலத்து நத்தை. அதைச் சில நாள் பட்டினி போட்டு வயிற்றைச் சுத்தமாக்கி, ஓட்டிலிருந்து எடுத்து மணிக்கணக்கில் வேகவைத்து, மறுபடி ஓட்டுக்குள்ளேயே அடைத்து, பூண்டும் பார்ஸ்லியும் அரைத்த வெண்ணெயால் வாயை மூடி அடுப்பில் வைப்பார்கள். ஆறாகவோ பன்னிரண்டாகவோ குழிகள் உள்ள தட்டில் கொதிக்கக் கொதிக்க வரும்.

அதோடு ஒரு இடுக்கி வரும். அதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். நம் அடுப்படி இடுக்கியை அமுக்கினால் பிடிக்கும். இது நேர்மாறு. அமுக்கினால் திறக்கும், கையைத் தளர்த்தினால் கவ்வும். பழக்கத்தில் இறுக்கி அமுக்கினால் நத்தை எகிறிப் பக்கத்து மேஜைக்குப் போகும். வெண்ணெய் தெறித்த கோட்டுகளை நான் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். இடது கையில் இடுக்கியைத் தளர்வாகப் பிடித்து, வலது கையில் இருக்கிற இரண்டு முள் குட்டிக் கரண்டியால் சுழற்றி இழுத்தால் வந்துவிடும். ஓட்டில் மிச்சமிருக்கும் வெண்ணெயைத் தட்டில் கவிழ்த்து ரொட்டியால் வழித்துச் சாப்பிட வேண்டும். என்னைக் கேட்டால் அந்த ரொட்டிக்காகத்தான் மனுஷன் நத்தைக்கே காசு கொடுக்கிறான். பிரான்ஸில் விற்கிற நத்தையில் பெரும்பங்கு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருவது என்பதை மட்டும் அந்த ஊர்க்காரரிடம் சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும்.

தவளைக் கதையில் நமக்கும் பங்கு இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து தவளைக்கால் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. வயலில் தவளை குறைந்து பூச்சி பெருகுகிறது என்ற எதிர்ப்பு வலுத்து, 1987-இல் அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்று பாரிஸ் தட்டுக்கு வருவது பெரும்பாலும் இந்தோனேசியாவில் பிடித்து உறைய வைத்த கால்கள். பின்னங்கால் இரண்டு மட்டும், மாவில் புரட்டி அதே பூண்டு வெண்ணெயில். ருசி கோழிக்கும் மீனுக்கும் நடுவில். நீங்கள் தவளையை வயலிலேயே விட்டு வையுங்கள், புகையான் பூச்சிக்கு மருந்தடிக்கிற செலவு குறையும்.

ஹலால் பார்ப்பவர்கள் பிரெஞ்சு ரெஸ்டாரண்டில் உட்காரவே முடியாதா?
(நாகூர்)

உட்காரலாம் பாய், கறியை விட்டுவிட்டால். சாதாரண பிரெஞ்சுக் கடையில் ஆடும் கோழியும் ஹலால் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீனுக்குப் போங்கள். ஆனால் மீனில் ஊற்றுகிற சாஸைக் கேளுங்கள். பேர் ப்ளான் என்ற வெண்ணெய் சாஸ் வெள்ளை வைனை வற்றவைத்துச் செய்வது. மூல் மரினியேர் என்று வாளி நிறைய வருகிற சிப்பியும் வெள்ளை வைனில் வெந்ததுதான். கொதித்தால் சாராயம் பறந்துவிடும் என்று சர்வர் சமாதானம் சொல்வார். முழுக்கப் பறப்பதில்லை; பறந்தாலும் உங்களுக்கு அது பதிலாகாது.

தைரியமாகச் சொல்லக்கூடியது 'சோல் மெனியேர்'. நாக்கு மீன் வகை, மாவில் லேசாகப் புரட்டி வெண்ணெயில் பொரித்து, எலுமிச்சை பிழிந்து, பார்ஸ்லி தூவியது. முறைப்படி செய்தால் அதில் வைனுக்கு வேலையில்லை. சர்வர் மேஜைப் பக்கத்திலேயே முள்ளெடுத்துக் கொடுப்பார். நாகூர்க்காரருக்கு அது தேவைப்படாது, இருந்தாலும் எடுக்கட்டும், பார்க்க நன்றாக இருக்கும். இனிப்பில் பாபா ஓ ரம், கிரெப் சூஸெத் இரண்டையும் ஒதுக்குங்கள். இரண்டிலும் மது.

கறிதான் வேண்டும் என்றால் மக்ரேபியர், அதாவது வட ஆப்பிரிக்காக்காரர், நடத்தும் கூஸ்கூஸ் (கோதுமை ரவைச் சாப்பாடு) கடைகள் பாரிஸ் முழுக்க உண்டு. கேட்டுக்கொண்டு போகலாம். 1926-இல் திறந்த பாரிஸ் பெரிய பள்ளிவாசலை ஒட்டி ஒரு ரெஸ்டாரண்டும் தேநீர்க் கூடமும் இருக்கின்றன. அத்திமர நிழலில் புதினா டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அடுத்த செப்டம்பரில் பாரிஸில் எம்.எஸ். படிக்கப் போகிறேன். ரெஸ்டாரண்டில் பகுதிநேர வேலை கிடைக்குமா? கஷ்டமா?
(மாணவர், திருவாரூர்)

கிடைக்கும் தம்பி. கஷ்டம்தான். மாணவர் விசாவில் வருடத்துக்கு 964 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதற்கு மேல் கையில் காசு தருகிறேன் என்று எந்த முதலாளி சொன்னாலும் போகாதே. மாட்டினால் அவனுக்கு அபராதம், உனக்கு விசாவே போய்விடும்.

முதலில் கிடைப்பது 'ப்ளோன்ஜ்', அதாவது பாத்திரம் கழுவுகிற இடம். சூட்டிகையாக இருந்தால் ஆறு மாதத்தில் காய் நறுக்குகிற பலகைக்கு ஏறலாம். வேலை நேரம் நடுவில் உடையும். காலை பத்திலிருந்து மூன்று, மறுபடி ஆறிலிருந்து பதினொன்று. நடுவில் மூன்று மணி நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் மெட்ரோவில் தூங்குகிற பிள்ளைகள் நிறைய. வகுப்பு இருக்கிற நீ ஒரு வேளை மட்டும் எடுத்துக்கொள், அல்லது சனி, ஞாயிறு. பந்திக்கு முன்னால் வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு போடுவார்கள். அதை விடாதே, பாரிஸில் ஒரு வேளைச் சாப்பாடு மிச்சம் என்பது சின்ன விஷயமில்லை. அடுப்படியில் எதற்கும் ஒரே பதில், "உய், ஷெஃப்". காரணம் சொல்வது, விளக்கம் கொடுப்பது எல்லாம் கடை சாத்தின பிறகு.

அங்கே தமிழ் கேட்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் அடுப்படிகளில் ஈழத்துப் பிள்ளைகள் பல வருஷமாக உழைக்கிறார்கள். பர்கண்டி மாட்டுக்கறியை வைனில் வேகவைக்கிற பக்குவம் வெள்ளைக்காரப் பையன்களைவிட அவர்களுக்கு அத்துப்படி. 2023-இல் பாரிஸின் சிறந்த பகெத்துக்கான பரிசை வாங்கியவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. பரிசின் ஒரு பகுதியாக, ஒரு வருடம் எலிஸே மாளிகைக்கு, அதாவது பிரான்ஸ் ஜனாதிபதியின் மேஜைக்கு, ரொட்டி அனுப்புகிற உரிமை கிடைத்தது. வேலை தேடும்போது முதலில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பல் பக்கம் போய் நாலு கடையில் விசாரி. எந்த முதலாளி ஒழுங்காகச் சம்பளம் போடுகிறான், எவன் இழுத்தடிக்கிறான் என்று ஒரு டீ நேரத்தில் தெரிந்துவிடும்.

ஸ்டேக் எப்படிச் சொல்ல வேண்டும்? உள்ளே ரத்தமாக இருக்கிறதே!
(சீர்காழி)

"பியான் கிவி" என்று சொல்லுங்கள், நன்றாக வெந்து வரும். ஷெஃப் உள்ளே முனகுவார், முனகட்டும். "ஆ புவான்" என்றால் நடுத்தரம் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அங்கே அதுவும் நடுவில் சிவப்பாகத்தான் இருக்கும். 'தார்தார்' என்று பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுங்கள். அது பச்சை மாட்டுக்கறி, மேலே பச்சை மஞ்சள்கரு. 'அந்துயேத்' என்பது பன்றிக் குடல். போட்டிக் குழம்பு பிடித்தவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம், மற்றவர்கள் வாசனை வரும்போதே தெரிந்துகொள்வார்கள்.

எங்களுக்கு இருபத்தைந்தாவது திருமண நாள். பாரிஸில் ஒரே ஒரு வேளை, பெரிய இடமாக ஒன்று சொல்லுங்கள். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போகலாமா?
(தம்பதி, தஞ்சாவூர்)

பட்டு வேட்டி, பட்டுப் புடவை இரண்டும் கட்டிக்கொண்டு போங்கள். நான் வேலை பார்த்த பெரிய இடங்களில் அப்படி வந்தவர்களை நல்ல மேஜையில்தான் உட்கார வைத்தோம். ஜீன்ஸும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக வருகிறவர்களைத்தான் வாசலில் யோசிப்பார்கள்.

இடம் என்றால், கறி சாப்பிடுகிறவர்களாக இருந்தால் 'தூர் தார்ஷான்'. சேன் ஆற்றங்கரையில் ஆறாவது மாடி, ஜன்னலில் நோத்ர தாம் தேவாலயம் தெரியும். 1582-இல் தொடங்கியது என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள், அது இருக்கட்டும். அங்கே வாத்துதான் விசேஷம். 1890 முதல் ஒவ்வொரு வாத்துக்கும் வரிசை எண். 2003-இல் பத்து லட்சத்தைத் தாண்டிற்று. வாத்தின் நெஞ்சுக்கறியையும் தொடையையும் எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் எலும்புக்கூட்டை வெள்ளி அழுத்தியில் வைத்துத் திருகிச் சாறும் ரத்தமும் பிழிந்து, அதிலேயே சாஸ் வைப்பார்கள். உங்கள் வாத்தின் எண் அச்சிட்ட அட்டையைக் கையில் கொடுப்பார்கள். பத்திரமாக வீட்டில் மாட்டலாம். ரத்தம் என்றதும் தயங்காதீர்கள், நம் ஊரில் ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிடாதவர்களா?

இங்கேயும் பகல் பந்தியைப் பாருங்கள், இரவைவிட விலை குறைவு, ஜன்னலில் ஊரும் தெரியும். பல வாரம் முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும். திருமண நாள் என்பதைச் சொல்லுங்கள். சில பழைய பெரிய வீடுகளில் விருந்து கொடுப்பவர் கையில் இருக்கும் மெனுவில் மட்டும்தான் விலை போட்டிருக்கும், எதிரே இருப்பவருடையதில் இருக்காது. அம்மா கையில் விலையில்லாத மெனு வந்தால் நிம்மதியாக வேண்டியதைச் சொல்லலாம். ஐயாவின் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

இவ்வளவு செலவு வேண்டாம், பாரிஸ் வாடை மட்டும் போதும் என்றால் 1896-இல் திறந்த 'புய்யோன் ஷார்த்தியே'. உயரமான கூரை, பித்தளைக் கம்பி, நூறு பேர் சத்தம். தெரியாதவர்களோடு மேஜையைப் பகிர வேண்டும். சர்வர் கணக்கை மேஜை விரிப்புக் காகிதத்திலேயே கிறுக்கிக் கூட்டுவார். சமையல் சுமார்தான், விலை மிகக் குறைவு, ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே போகலாம். செய்ன் மிஷேல் பக்கம் வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிற, ஆறு மொழியில் படம் போட்ட மெனு வைத்திருக்கிற கடைகளில் மட்டும் கால் வைக்காதீர்கள்.

பாரிஸ் ரெஸ்டாரண்ட் மெனுவில் 'வதூவான்' என்று பார்த்ததாக என் மகன் சொல்கிறான். நம் வடகம்தானா அது?
(காரைக்கால்)

நம் தாளிப்பு வடகம்தான், சொந்த ஊரை மறந்துவிட்ட வடகம். 1739 முதல் 1954 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. புதுச்சேரி அதற்கும் முன்னாலிருந்தே. நம் சமையல்காரர்கள் துரை வீட்டு அடுப்படியில் நின்றார்கள், சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாகப் போன நம் ஆட்கள் பெட்டியில் வடகத்தைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். அந்த வழியில் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அங்கே விற்பதை நம் வீட்டில் யாரும் வடகம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நம் பெண்கள் சித்திரை வெயிலில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து மூடி வைப்பார்கள். பகலெல்லாம் வெயில், ராத்திரி மறுபடி ஊறிய தண்ணீரிலேயே போட்டுப் பிசைவது, மறுநாள் மறுபடி வெயில். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்துக் காயவைத்தால் ஒரு வருஷம் கெடாது. தெருவே மணக்கும். அங்கே வெயிலும் கிடையாது, பொறுமையும் கிடையாது. ஷல்லோத் வெங்காயத்தையும் பூண்டையும் மின் அடுப்பில் உலர்த்தி, மசாலாவோடு உதிரியாகக் கலந்து சின்னப் புட்டியில் அடைக்கிறார்கள். புளிப்பும் இல்லை, விளக்கெண்ணெயும் இல்லை.

இருந்தாலும் அவர்கள் அதை வைத்துச் செய்கிற ஒன்று எனக்குப் பிடிக்கும். வெண்ணெயை உருக்கி வதூவானைப் போட்டுப் பொரியவிட்டு, அதில் சேன் ஷாக் சிப்பியை இரண்டு பக்கமும் சிவக்க எடுப்பார்கள். காலிஃபிளவருக்கும் அதே வெண்ணெய். நம் உருண்டையில் பாதியை உதிர்த்துப் போட்டு, காரைக்கால் துறைமுகத்து இறாலில் நான் செய்து பார்த்தேன். நல்லெண்ணெயில் தாளிப்பதை வெண்ணெயில் தாளிக்கிறோம், அவ்வளவுதான். ருசி தூக்கியடிக்கிறது. மகனிடம் சொல்லுங்கள், அங்கே புட்டி வாங்க வேண்டாம், பெட்டியில் நாலு உருண்டை போட்டு அனுப்புங்கள். இரண்டு கவர் போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் துணியெல்லாம் வடகம்.

சாப்பிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், யாருமே பில் கொண்டுவரவில்லை. நம்மைக் கேவலமாக நடத்துகிறார்களா?
(பேரளம்)

மரியாதையாகத்தான் நடத்தியிருக்கிறார்கள். கேட்காமல் பில்லை வைப்பது "எழுந்து போ" என்று சொல்கிற மாதிரி. மேஜை அந்த வேளைக்கு உங்களுடையது. நம் இலையில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிடும், அங்கே ஒன்று முடிந்தால்தான் அடுத்தது வரும். ஆகவே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்து எழுந்தால் பிடிக்கவில்லையோ என்று அவர்களுக்குச் சந்தேகம். கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வையுங்கள், முடிந்தது என்று தெரிந்துகொள்வார்கள். பில் வேண்டும் என்றால் கண்ணைப் பார்த்து "லதிசியோன், சில் வு ப்ளே". விரலைச் சொடுக்காதீர்கள், 'கார்சோன்' என்று கூப்பிடாதீர்கள். "முஸ்யே" போதும். உள்ளே நுழையும்போது "போன்ஷூர்" சொன்னீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். அது சொல்லாமல் நேராக மேஜைக்குப் போகிறவர்களிடம்தான் பாரிஸ் சர்வர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். நானும்தான்.

மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லலாமா? வெட்கமாக இருக்கிறது.
(பாபநாசம்)

தாராளமாகக் கேளுங்கள். 2021 ஜூலை முதல் கேட்கிறவருக்குப் பெட்டி கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எண்ணி அளந்து தட்டில் வைப்பதால் பெரும்பாலும் மிஞ்சாது என்பது வேறு. இலவச ரொட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்புவதை மட்டும் யாரும் பார்க்காதபோது செய்யுங்கள்.